‘நல்ல கொழுந்து பறிங்க’ என்றால் ஏன் யாரும் அசைவதில்லை?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சிறு தேயிலை விவசாயி நான். எங்கள் குழுவில் 30 குடும்பங்கள். 15 நாளுக்கு ஒருமுறை கத்தரியால் வெட்டி முற்றிய இலையோடு அனுப்புகிறோம். 10 நாளுக்கு ஒருமுறை கையால் பறித்து, இரண்டு இலை ஒரு மொட்டாகக் கொடுத்தால் விலை கூடும் என்று மூன்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுகிறார்கள், மறுநாள் கத்தரியை எடுக்கிறார்கள். எப்படிப் பேசினால் கேட்பார்கள்?

பதில்: பேச்சை மாற்றும் முன் வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். கோளாறு உங்கள் குரலிலோ அவர்கள் பிடிவாதத்திலோ இல்லை. வாதத்தின் நடுவே ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அது அவர்களுக்குத் தெரிகிறது, வெளியே சொல்லவில்லை.

வாதத்தைப் பிரிக்க நம்மிடமே பழைய கருவி உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். அங்கே வரும் உதாரணமும் மலைதான். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. ‘புகை தெரிவதால்’ என்பது ஏது, காரணம். ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம், கேட்பவர் ஏற்கெனவே கண்டறிந்த உதாரணம். ‘இந்த மலையிலும் அதே புகைதான்’ என்று உதாரணத்தை நம் விஷயத்தோடு பொருத்துவது உபநயம். ‘ஆகவே நெருப்பு உண்டு’ என்பது நிகமனம். காரணம் பழுதானால் ஏதுப்போலி, உதாரணம் பழுதானால் திட்டாந்தப்போலி என்று குற்றங்களுக்கும் அங்கே பெயர் இருக்கிறது.

இப்போது உங்கள் வாதம். பக்கம்: ‘10 நாள் பறிப்புக்கு மாறினால் வருமானம் கூடும்.’ ஏது: ‘நல்ல இலைக்கு நல்ல விலை.’ இந்த ஏது உங்கள் ஊரில் உண்மையா? இலை ஏஜென்ட் எல்லார் மூட்டையையும் ஒரே வண்டியில் ஏற்றி, எல்லாருக்கும் ஒரே ரேட் போட்டால், நல்ல இலைக்கும் முற்றிய இலைக்கும் ஒரே விலைதான். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையும் உங்களுக்குத் துணை வராது. ஏலத்தில் தூளுக்குக் கிடைத்த விலையில் விவசாயிக்கு 65 சதவீதம், இலையை வாங்கித் தூளாக்கும் பேக்டரிக்கு 35 சதவீதம் என்ற பங்கீட்டில் வரும் மாவட்டச் சராசரி அது. 30 குடும்பங்கள் மட்டும் பறிப்பை மாற்றினால் அந்தச் சராசரி அசையாது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை வாயால் சொல்லாவிட்டாலும் இலை விற்ற சீட்டில் பார்த்திருக்கிறார்கள். ஏதுப்போலி என்றால் இதுதான். இதை எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஒட்டாது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். கீழே இருப்பவை முறை புரிவதற்கான எண்கள்தாம். உங்கள் சீட்டில் உள்ளதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கத்தரி வெட்டில் மாதம் 2 தடவை, தடவைக்கு 250 கிலோ, ஆக 500 கிலோ. கிலோ 18 ரூபாய் என்றால் 9,000. வெட்டுக்கூலி கிலோவுக்கு 5 ரூபாய் போனால் கையில் 6,500. கைப்பறிப்பில் மாதம் 3 தடவை, தடவைக்கு 140 கிலோ, ஆக 420 கிலோ. கூலி கிலோவுக்கு 8 ரூபாய் என்றால் 3,360. அதே 18 ரூபாய்தான் விலை என்றால் வரவு 7,560, கையில் 4,200. மாறியவருக்கு மாதம் 2,300 ரூபாய் நஷ்டம்! பழைய 6,500 கையில் நிற்கவே கிலோவுக்குச் சுமார் 23 ரூபாய் 50 காசு வேண்டும். 24 கிடைத்தால் 220 ரூபாய் லாபம். அந்த லாபத்துக்காகக் கூடுதல் ஆள் தேடி அலைய யாரும் முன்வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். 26 என்றால் பேச்சு வேறு.

ஆகவே முதலில் நீங்கள் சம்மதிக்க வைக்க வேண்டிய ஆள் பேக்டரிக்காரர். அவரிடம் ‘விவசாயி கஷ்டப்படுகிறான்’ என்று தொடங்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் அவர் விலை கூட்ட அது காரணம் ஆகாது. அவருடைய கவலை வேறு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 4 முதல் நாலரை கிலோ பச்சை இலை போகிறது; அதில் முற்றிய இலை மிகுந்தால் நார் கூடுகிறது, குன்னூர் ஏலத்தில் தூள் அடிபடுகிறது. அவர் கேட்க விரும்புவது இதைத்தான்: ‘4 குடும்பத்தின் இலை, தனிப் பையில், பறித்த அன்றே, மாதம் இத்தனை கிலோ நிச்சயம். வாரம் ஒருநாள் உங்கள் முன்னாலேயே 100 கிராம் எடுத்து, மெல்லிய கொழுந்து ஒரு பக்கம், முற்றியது மறுபக்கம் பிரித்து நிறுத்துக் காட்டுகிறோம். இந்த அளவுக்கு மேல் இருந்தால் கிலோவுக்கு எவ்வளவு கூட்டித் தருவீர்கள்?’ பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள்தான் உங்கள் ஏது. ஒரு பேக்டரி மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள், கூட்டுறவு பேக்டரியையும் சேர்த்து. எங்குமே கிடைக்கவில்லை என்றால் ஊர்க்கூட்டத்தில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இல்லாத விலையைக் காட்டி மாறச் சொன்னவர் என்ற பெயர் வந்துவிட்டால், அடுத்த நல்ல யோசனையும் உங்கள் வாயிலிருந்து வரும்போது எடுபடாது.

இனி திட்டாந்தம். பெரிய எஸ்டேட்டைக் காட்டிப் பேசியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் உண்டு, இங்கே வீட்டு ஆளும் இரண்டொரு கூலியாளும்தான். உபநயம் பொருந்தாத உதாரணத்தைக் கேட்டதும் ‘அவங்களுக்கு ஆள் இருக்கு’ என்று எல்லார் மனசும் கதவைச் சாத்திவிடும். உதாரணம் அதே ஹட்டியில், அதே வயதுச் செடியில், அதே அளவு நிலத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உண்டாக்குங்கள்: 4 குடும்பங்கள், ஆளுக்குக் கால் ஏக்கர், 2 மாதம். அதை ஒட்டிய கால் ஏக்கரில் பழையபடி கத்தரி. டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உறைபனியில் கருகிக் குறைந்த மகசூலையும் உங்கள் யோசனையின் கணக்கில்தான் எழுதுவார்கள்.

சிறிதாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய கோரிக்கைக்கு இணங்கியவர்கள் பின்னால் அதே திசையில் வரும் பெரிய கோரிக்கைக்கு அதிகம் இணங்குகிறார்கள் என்று ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற ஆய்வாளர்கள் 1966இல் காட்டினார்கள். ஆனால் முதல் சம்மதம் மனமுவந்து வந்ததாக இருக்க வேண்டும். கூட்டத்தில் நான்கு பேர் பெயரைச் சொல்லி எழுப்பி வாங்கிய சம்மதத்துக்கு அந்த வலு கிடையாது.

வாக்கியங்களுக்கு வருவோம். ‘நம்ம ஊர்ல யாருமே நல்ல இலை கொடுக்கறதில்லை’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். கண்டிப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். கேட்பவருக்கு ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்யலாம்’ என்றே விழும். ‘மாறியே ஆகணும்’ என்பதும் வேண்டாம். தன் தோட்டத்து முடிவு கையைவிட்டுப் போகிறது என்று தோன்றினால், சரியென்று பட்டதைக்கூட மனிதர் எதிர்ப்பார்.

அவர்கள் மனசில் இருக்கும் மறுப்பை நீங்களே முதலில் சொல்லுங்கள். ‘எடை குறையும், உண்மை. கூலி கூடும், அதுவும் உண்மை. 420 கிலோதான் வரும். அதுக்கு மேல பேக்டரி எழுதிக் கொடுத்த விலை இது. கழிச்சுப் பாருங்க.’ மறுப்பை மறைத்துப் பேசினால் கேட்பவர் அதையே மனசில் ஓட்டிக்கொண்டிருப்பார், உங்கள் கணக்கு காதில் ஏறாது. மறுப்பைச் சொல்லிவிட்டுப் பதில் தராமல் விடுவது இன்னும் மோசம். எதிர்த்தரப்புக்கு நீங்களே பேசிக்கொடுத்தது ஆகும்.

யார் பேசுவது என்பதும் வாதத்தின் பாகம்தான். பறிப்பதில் பெரும்பங்கு பெண்கள் கையில். மாதம் ஒரு தடவை கூடுதலாக மலைச்சரிவில் நிற்கப்போவது அவர்கள். பரிசோதனையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்து, எவ்வளவு நேரம் கூடியது, கையில் எவ்வளவு நின்றது என்று சொன்னால், உங்கள் அரைமணிப் பேச்சைவிட அது போய்ச் சேரும். கூட்டம் தமிழில் நடந்தாலும், முடிவான கணக்கைப் பெரியவர்களுக்குப் படுக மொழியிலேயே சொல்லுங்கள். ஊர்ப் பெரியவரிடம் முந்தின நாளே போய்த் தாளைக் காட்டிவிடுங்கள். சபையில் முதன்முதலாகக் கேட்டால் அவர் தயங்குவார், அவர் தயங்கினால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

பேச்சு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மாதத்துச் சீட்டுகளையும், கத்தரிப் பகுதியின் சீட்டுகளோடு பக்கத்தில் பக்கமாக ஒட்டி, கையிலிருந்து கைக்கு அனுப்புங்கள். கூடும் எனச் சொன்ன தொகை ஒரு மாதம் கூடவில்லை என்றால் அந்தச் சீட்டையும் அதிலேயே ஒட்டுங்கள், ஏன் கூடவில்லை என்ற காரணத்தோடு.