கண்ணாடியை மாற்றியும் கரும்பலகை தெரியவில்லை, நடிக்கிறாள் என்கிறார்கள்!

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. ஒன்றரை ஆண்டாகப் பார்வை மங்கிவருகிறது. மூன்று முறை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. ஒரு மருத்துவர், கண்ணில் குறையில்லை, நடிக்கிறாள் என்றார். இன்னொருவர், ‘ஸ்டார்கார்ட் நோயாக இருக்கலாம், மருந்து கிடையாது’ என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் இப்படி இல்லை. வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட ஏற்பாடு செய்வதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகளை யாரும் இனி நடிக்கிறாள் என்று சொல்ல விடாதீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது கவனியுங்கள். கண்ணை நேராக வைக்காமல், உங்கள் காதையோ நெற்றியையோ பார்ப்பதுபோல் பார்க்கிறாளா? வெயிலில் இருந்து வீட்டுக்குள் வந்தால் வெகுநேரம் தடுமாறுகிறாளா? விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர்கள் ஓரப் பார்வையால் சமாளிக்கும் விதம் இது. விழித்திரையின் நடுப்பகுதியைக் கெடுக்கும் பரம்பரை நோயான ஸ்டார்கார்டின் தொடக்கத்தில் விளக்கடித்துப் பார்க்கும்போது விழித்திரை நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அதைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பொய்க்காரியாக்கும் அவசரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

விழித்திரை நிபுணர் ஒருவரிடம் போய் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும், ஆட்டோஃபுளோரசன்ஸ் படமும் எடுக்கச் சொல்லுங்கள். ஊசியில்லை, வலியில்லை. விழித்திரையில் சேர்ந்திருக்கும் கழிவுப் படிவு இரண்டாவது படத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு ஈ.ஆர்.ஜி.: ஒளியை மின்னவிட்டு, விழித்திரை எழுப்பும் மின்சாரத்தை அளப்பார்கள். பழுது நடுவோடு நிற்கிறதா, முழுவதும் பரவியிருக்கிறதா என்பதை இது சொல்லும். வலிப்போ, படித்ததை மறப்பதோ கூடவே இருந்தால் நரம்பியல் மருத்துவரையும் உடனே பார்க்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனை இவற்றுக்குப் பிறகுதான். வீட்டுக்கே வந்து எச்சில் வாங்கிக்கொண்டு, கத்தையாக அறிக்கை அனுப்பும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். ஸ்டார்கார்ட் பெரும்பாலும் ஏபிசிஏ4 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வருவது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி மட்டும் பழுதான உங்கள் இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாததன் காரணமும் அதுதான். அறிக்கையில் இரண்டு மாற்றங்கள் இருந்தாலும், இரண்டும் தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் அவை மட்டும் நோய்க்குக் காரணமாகா. அதனால் உங்கள் இருவர் மாதிரியையும் சேர்த்துச் சோதித்து, மரபணு ஆலோசகர் விளக்க வேண்டும். உங்கள் இருவரிடமும் அந்தப் பழுது உறுதியானால், உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் அவர்தான் பொறுமையாகச் சொல்வார்.

அந்த ஸ்டெம் செல் ஊசி வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் மூன்று பெண்கள் தலா 5,000 டாலர் கொடுத்து, வயதினால் வரும் விழித்திரைப் பழுதுக்காக இரண்டு கண்களிலும் ஒரே நாளில் இத்தகைய ஊசி போட்டுக்கொண்டார்கள். பார்வை பறிபோனது. மருத்துவ இதழில் 2017-இல் வெளிவந்த செய்தி இது. சோதனை நிலையில் உள்ள சிகிச்சைக்குப் பணம் கேட்டாலோ, இரண்டு கண்ணிலும் ஒன்றாகப் போடுகிறோம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். ‘பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவைச் செலுத்தும் ஜீன் தெரபி வந்துவிட்டதே’ என்றும் ஆசைகாட்டுவார்கள். அமெரிக்காவில் 2017-இல் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா என்ற அந்தச் சிகிச்சை, ஆர்பிஈ65 என்ற வேறொரு மரபணுவின் பழுதுக்கு மட்டுமே. உங்கள் மகளுக்குச் சந்தேகிக்கும் நோய்க்கு அல்ல.

இன்னொன்று, வைட்டமின் ஏ. கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் மாத்திரை வாங்கித் தருவார்கள். ஸ்டார்கார்டில் அதே வைட்டமினிலிருந்து உருவாகும் கழிவுதான் விழித்திரையில் குவிகிறது. எனவே கூடுதல் மாத்திரை கூடாது. சாப்பாட்டில் இயல்பாக வருவதை நிறுத்த வேண்டாம். ஆனால், கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. அதில் இதே வைட்டமினைக் கொடுத்தாக வேண்டும். வைட்டமின் ஈ-யும் வேண்டும். தாமதித்தால் விழித்திரையும் நரம்பும் கெடும். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குத் தீங்கு. நோயின் பெயர் உறுதியாகும் முன் எந்த மாத்திரையும் தராதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

‘மருந்து கிடையாது’ என்று சொன்னவர், உருப்பெருக்கிக் கருவிகளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பெரிய எழுத்துப் பாடநூல், முன்வரிசை இருக்கை, வெயிலுக்குத் தொப்பியும் நிறக்கண்ணாடியும் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். இவற்றை இந்த வாரமே தொடங்கலாம். எடுக்கும் படங்களின் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த மருத்துவமனையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.