தோட்டத்துப் படங்களைச் சேமிக்க வைஃபை ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். கோயில் திருவிழா வீடியோக்கள், இடிபடப் போகும் லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) படங்கள், தாத்தா காலத்து ஆல்பத்திலிருந்து பிரதி எடுத்தவை எல்லாம் சேர்ந்து என் ஐபோன் 11, தம்பியின் ஆண்ட்ராய்டு இரண்டையும் நிரப்பிவிட்டன. இங்கே இணைய லைன் மிகவும் மந்தம். கிளவுடில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏற்ற முடிவதில்லை. இணையத்தில் ஒருவர் பழைய வைஃபை ஹார்ட் டிஸ்க்கை 150 வெள்ளிக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தேவைக்கு அது ஏற்ற பொருள் அல்ல.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஹார்ட் டிஸ்க், பேட்டரி, சின்ன வைஃபை கருவி மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இணையம் தேவையில்லை. பெட்டியே ஒரு வைஃபையை உருவாக்கும், கைப்பேசி அதில் இணைந்து படங்களை அனுப்பும். சீகேட் நிறுவனம் 2011இல் இப்படி ஒன்றை 500 ஜிபி அளவில் கொண்டு வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2016இல் விட்ட மாடலில் கேமராவின் மெமரி கார்டைச் செருகும் இடமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஐபோனில் சாதாரண பெண்டிரைவைச் செருகிப் பயன்படுத்த வழியில்லை. அதனால் இது நல்ல தீர்வாக இருந்தது. 2019இல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 13 வந்ததும் ஐபோனே வெளி டிஸ்க்குகளைத் திறக்கத் தொடங்கியது. இந்தப் பெட்டிகளின் தேவையும் குறைந்துவிட்டது.

பழையதை வாங்குவதில் எனக்குப் பெரிய கவலை பேட்டரிதான். பல மாதம் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்த லித்தியம் பேட்டரி செத்துப் போயிருக்கலாம், உப்பியும் இருக்கலாம். உள்ளே சுழலும் தட்டு இருப்பதால் ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் ஆபத்து. அதற்கான ஆப், ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டால், கைப்பேசியிலிருந்து அதைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும்.

வேகத்தையும் பாருங்கள். வைஃபையில் நொடிக்கு 5 எம்பி கிடைத்தால், 10 ஜிபி திருவிழா வீடியோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேபிளில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் வாங்க வேண்டியது டைப் சி கேபிளோடு வரும் சிறிய எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். சுழலும் பாகம் இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். தம்பியின் கைப்பேசியில் டைப் சி இருந்தால் நேராகச் செருகிவிடலாம். உங்கள் ஐபோன் 11இல் லைட்னிங் துளை என்பதால் ஒரு அடாப்டர் வேண்டும். பக்கத்தில் சார்ஜர் செருகும் துளையும் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். இந்த ஐபோன் தரும் மின்சாரம் எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் போதாது, சார்ஜரையும் சேர்த்துச் செருகினால்தான் டிஸ்க் தெரியும். இதைச் செய்து பார்க்காமல் ‘என் போனுக்குப் பிடிக்கவில்லை’ என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 என்ற பழைய முறை என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோ ஏறாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் படம் ஏற்றும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அப்புறம், 2 டிபி பெண்டிரைவ் 30 வெள்ளி என்று யாராவது விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். அளவு பொய்யாக எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட எல்லை தாண்டியதும் ஏற்றுவதெல்லாம் பாழாகிவிடும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வைஃபை டிஸ்க்குக்கு இன்றும் ஒரு நல்ல பயன் உண்டு. ஒரே நேரத்தில் நாலைந்து பேர், தனித்தனிக் கைப்பேசியில், இணையம் இல்லாத இடத்தில் ஒரே தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் அது வசதி. திருவிழாவுக்கு வந்த உறவினர்களுக்குப் படங்களைக் காட்ட ஆசை இருந்தால், பேட்டரி நன்றாக உள்ள ஒன்றை நேரில் பார்த்து வாங்கலாம். ஆனால் தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அதை ஒரே பிரதியாகவும் வைக்காதீர்கள்.

இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ வையுங்கள். லயங்கள் இடிந்து, மக்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) போய்விட்ட பிறகு, அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இவைதான் மிஞ்சும். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கைப்பேசியில் அழிக்கும் முன் டிஸ்க்கில் உள்ள சில படங்களையும் நீளமான வீடியோ ஒன்றையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஐபோனில் ஐகிளவுட் புகைப்படங்களும் சேமிப்பைக் குறைக்கும் வசதியும் இயங்கினால், அசல் கிளவுடிலும் சிறிய பிரதி மட்டும் கைப்பேசியிலும் இருக்கலாம். அப்படியானால் லைன் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், அதாவது பட்டணத்துக்குப் போகும்போது, அசலை இறக்கிவிட்டுப் பிறகு டிஸ்க்குக்கு ஏற்றுங்கள். அங்கே போகும்போது சார்ஜரும் அடாப்டரும் பையில் இருக்கட்டும்.