காற்றுக்கு வாரண்டி கிடையாது

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். அக்கா குடும்பம் அமெரிக்காவில், டலஸில் இருக்கிறது. வருகிற ஒக்டோபரில், நியூமெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில் ஆட்கள் ஏறிப் பறக்கிற வெப்பக்காற்றுப் பலூன்களின் திருவிழாவையும், அப்படியே பக்கத்துப் பாலைவனத்தையும் படம் எடுத்துவர ஆசை. கொழும்பில் ஒரு பயண முகவர், “ஏழு நாள் பக்கேஜ், பலூனில் பறப்பது உறுதி, இந்த மாதத்துக்குள் முழுக்காசும் கட்டினால் 15 வீதம் கழிவு, கட்டிய காசு திரும்பாது” என்கிறார். விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கட்டலாமா?

பதில்: கட்டவேண்டாம். முகவரைக் கள்ளன் என்று நான் சொல்லவரவில்லை. விசா கையில் இல்லாதபோது திரும்பாத காசைக் கட்டச் சொல்வதுதான் பிழை. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். மறுத்தால் அதுவே திரும்பி வராது. விசா கிடைக்கும்வரை பயணத்தை உறுதிசெய்ய வேண்டாம் என்று தூதரகமே சொல்கிறது. பக்கேஜ் காசையும் அதோடு சேர்த்து எதற்கு ஆற்றில் போடவேண்டும்? 15 வீதம் மிச்சம் பிடிக்கப்போய் முழுதையும் இழப்பதற்கு வழி இது.

அடுத்தது, “பறப்பது உறுதி”. இந்த வாக்கியத்தைக் கண்டவுடனேயே நீங்கள் உசாராகியிருக்க வேண்டும். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. மேலே ஏறலாம், கீழே இறங்கலாம், அவ்வளவுதான். போகும் திசை காற்றின் கையில். தரைக்காற்று மணிக்கு 18 கிலோமீற்றர் அளவைத் தாண்டினால் பெரும்பாலும் துணியை விரிக்கவே மாட்டார்கள். நம் கடற்கரையில் வாடை பலமாக வீசுகிற நாளில் வள்ளம் இறக்குவதில்லையே, அதே கதைதான்.

அல்புகர்க்கியில் இந்த விழா நிலைத்ததற்கும் காற்றுத்தான் காரணம். 1972இல் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கியது; இன்று ஐந்நூறுக்கும் மேலே வருகின்றன. ஒக்டோபரின் குளிர்ந்த காலைகளில் அங்கே தாழக் காற்று தெற்கு நோக்கியும் உயரக் காற்று வடக்கு நோக்கியும் அடிக்கிற நாட்கள் உண்டு. அந்த நாளில் கெட்டிக்கார ஓட்டி தாழப் பறந்து போய், மேலே ஏறி, புறப்பட்ட இடத்துக்குக் கிட்டவே திரும்பி வந்துவிடுவார். இதை ‘அல்புகர்க்கிப் பெட்டி’ என்பார்கள். ஆனால் எந்தக் காலையில் பெட்டி திறக்கும் என்று எந்த முகவராலும் ரசீது எழுதித்தர முடியாது.

ஆகவே முகவரிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும்? காற்றால் பறப்பு நின்றால் காசா, வேறு நாளா, ஒன்றுமில்லையா? தொலைபேசியில் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்ற பதில் வந்தால் அது பதில் இல்லை.

சரி, எதை முதலில் வாங்குவது? காசு கட்டாமல் பதிந்து, கட்டணமின்றி ரத்துச் செய்யக்கூடிய அறையை இன்றைக்கே பதியுங்கள். விழா நடக்கிற ஒன்பது நாளும் நகரத்தில் அறை கிடைப்பது பாடு, விலையும் ஏறிவிடும். கிடைக்காவிட்டால் தெற்கே 120 கிலோமீற்றரில் உள்ள சொக்கோரோவைப் பாருங்கள். பாலைவனத்துக்குப் போகிற வழியும் அதுதான். ஆனால் அங்கிருந்து வருவதென்றால் காலை மூன்று மணிக்கே காரை எடுக்கவேண்டும், அத்தானிடம் முதலே சொல்லிவிடுங்கள். அறைக்குப் பிறகு விசா. விசா வந்தபின் விமான ரிக்கெட்டும் பயணக் காப்புறுதியும் ஒன்றாக. விழா நுழைவுச் சீட்டு கடைசியில். ஒரு காலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள், மூன்று காலை வையுங்கள். பேருந்தில் ஏற்றிப்போகிற ‘பார்க் அண்ட் ரைட்’ சீட்டில் நுழைவும் அடங்கும். காரை உள்ளே விடப்போய் வரிசையில் நின்று, தலைக்கு மேலே பலூன் போவதைக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள் நிறையப் பேர்.

காப்புறுதியில் ஒன்று கவனியுங்கள். கமரா தொலைந்தால் தருவோம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற எல்லை பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எல்லை பெரும்பாலும் உங்கள் ஒரு லென்ஸின் விலைக்கே காணாது.

கேள்வி: (அதே வாசகர்) என் இலங்கை லைசென்ஸோடு அங்கே ஓட்டலாமா? வாடகைக் கார் எடுப்பதா, அத்தானின் காரா?

பதில்: ஓட்டலாம். கொழும்பில் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள். ஒரு வருடம் செல்லும். ஆனால் அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்புத்தான், தனியாக அதைக் காட்டிப் பிரயோசனமில்லை. அசல் அட்டையும் சேர்ந்து இருக்கவேண்டும்.

டலஸில் இருந்து அல்புகர்க்கி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரண்டு தடவை போய் வந்த கணக்கு. ஒருவரே ஓட்டுகிற தூரம் இல்லை. அதுவும் வலப்பக்கம். அத்தானின் கார் என்றால், வெளிநாட்டு லைசென்ஸ்காரர் ஓட்டும்போது இடிபட்டால் காப்புறுதி சேருமா என்று அவரே தன் கம்பனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். “குடும்பத்து ஆள்தானே” என்பது கம்பனியிடம் செல்லாது.

வாடகைக் கார் என்றால் சாரதியின் பெயரிலேயே கடனட்டை கேட்பார்கள். டெபிட் அட்டைக்குச் சில இடங்களில் காரே தரமாட்டார்கள். முற்பணம் என்று ஒரு தொகையை அட்டையில் பிடித்து வைப்பார்கள். அது விடுபடச் சில நாள் எடுக்கும், அதற்குள் ஹோட்டலில் அட்டை இழுபடாமல் முழிக்கவேண்டி வரும். 25 வயதுக்குக் கீழே என்றால் மேலதிகக் கட்டணம், இரண்டாவது சாரதிக்குப் பெரும்பாலும் கட்டணம், ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் அதற்கும் கட்டணம். இணையத்தில் கண்ட நாள்வாடகையைப் பார்த்து மயங்கவேண்டாம். கட்டும்போது “ரூபாவிலா டொலரிலா” என்று திரை கேட்டால் டொலரைத் தொடுங்கள். ரூபாவைத் தொட்டால் மாற்று வீதத்தை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் தார் போடாத வீதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கட்டாயம் வாசியுங்கள். நீங்கள் போவது பாலைவனம். மணலில் இறக்கிப் புதைந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேதக் காப்புறுதி அந்த இடத்திலேயே செத்துவிடும்.

பாலைவனம் என்று நீங்கள் பெயர் எழுதவில்லை. வெள்ளை மணல்மேடுகள் உள்ள வைற் சாண்ட்ஸாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அல்புகர்க்கியில் இருந்து தெற்கே 360 கிலோமீற்றர் அளவு. 2019இல் தேசியப் பூங்கா ஆனது. வாகனத்துக்கு 25 டொலர். 2026 தொடக்கம் கிராண்ட் கன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டொலர் மேலதிகமாக வாங்குகிறார்கள். இது அந்தப் பட்டியலில் இல்லை. முகவர் இதற்கென்று 100 டொலர் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பக்கத்தில் ஏவுகணைச் சோதனைக் களம் இருப்பதால் சில நாட்களில் வீதியையே சில மணி நேரம் மூடுவார்கள். முதல் நாளே பூங்காவின் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் வாசலையும் பூட்டிவிடுவார்கள். பக்கேஜில் “மணல்மேட்டில் இரவு விண்மீன் படப்பிடிப்பு” என்று இருந்தால், அதற்கான அனுமதிச் சீட்டு எங்கே என்பதுதான் கேள்வி.

கேள்வி: (அதே வாசகர்) இந்தப் பயணத்துக்கென்று புதுக் கமராவும், தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுத்துக் காட்டுகிற 100-400 லென்ஸும் வாங்க நினைக்கிறேன். ஒரு கடையில் 40,000 ரூபா குறைவு, ஆனால் ‘கடை வாரண்டி’ மட்டும். இன்னொரு கடையில் கம்பனி வாரண்டி. எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கடைக்காரர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

அந்த விழாவில் சீட்டு வைத்திருப்பவர்கள் கயிறுக்கு வெளியே நின்று பார்ப்பதில்லை, பலூன்களுக்கு நடுவிலேயே நடக்கலாம். புல்லில் துணி விரிந்து கிடக்கும். பெரிய காற்றாடி வைத்து ஊதுவார்கள். அது பாதி உப்பியதும் வாயருகில் பேணரை அழுத்தித் தீ விடுவார்கள். படுத்திருந்தது மெல்ல எழுந்து உங்களுக்கு மேலேயே நிற்கும். வரிக்குதிரை மாதிரிக் கறுப்பு வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் விசில் ஊதி ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். இத்தனையும் சில அடி தூரத்தில். அங்கே 400 எதற்கு? மணவறைக்கு நீங்கள் வைத்திருக்கிற 24-70தான் வேலை செய்யும். உயரப் போனபின் 70-200 போதும். விடியுமுன் பறப்பதையும் மாலையில் கட்டிவைத்து ஒளிரவிடுவதையும் எடுக்க, மங்கல் வெளிச்ச மண்டபத்தில் எடுத்துப் பழகிய கை உங்களுடையது.

400 இல்லாமல் மனம் ஆறாதென்றால் டலஸில் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுங்கள். உடைந்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாரண்டிக்கு வருவோம். கடை வாரண்டி என்பது அந்தக் கடை திறந்திருக்கும்வரை வாரண்டி. கம்பனி வாரண்டி என்றால் அட்டையில் இறக்குமதியாளரின் முத்திரையும், பெட்டியிலும் கமராவின் அடியிலும் உள்ள தொடரிலக்கம் ஒன்றாகவும் இருக்கவேண்டும். கடையில் நின்றே ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் பழுதானால் அங்கே செல்லுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் லென்ஸுக்கு ஒரு பதில், கமராவுக்கு ஒரு பதில் வரும். எந்தக் கடையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது சட்டம். ஏமாற்றம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் எந்த வாரண்டியும் மணலை ஏற்காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனேன். மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில், பின்னால் மணல்மேடு, நல்ல மாலை வெயில். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவசரமாக லென்ஸ் மாற்றினேன். மாற்றிவிட்டு சூம் வளையத்தைத் திருப்பியபோது கறுக் என்றது. பிறகு ஒவ்வொரு திருப்புக்கும் கறுக், கறுக். வாரண்டி முடிய நான்கு மாதம் இருந்தது. கொழும்பில் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் இளைஞர் ஒருவர் வளையத்தைக் காதருகில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மணல் அண்ணை, வாரண்டி இல்லை” என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். திருத்துகிற செலவு லென்ஸின் பாதி விலை.

அதனால் பாலைவனத்துக்கு இரண்டு கமரா. ஒன்று உங்களுடையது, மற்றதைத் தொழில் நண்பரிடம் இரவல் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ் பூட்டி, அறைக்குத் திரும்பும்வரை கழற்றாமல் இருங்கள். தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், சேட்டு நுனியால் துடைக்காதீர்கள். வைற் சாண்ட்ஸில் இருப்பது நம் நிலாவெளி மணல் போன்றதல்ல, ஜிப்சம். நகத்தாலேயே கீறலாம், அவ்வளவு மென்மை. ஆனாலும் மா மாதிரி எங்கும் நுழையும். புல்மோட்டையின் கறுத்த இல்மனைட் மணலைப் பார்த்த கண்ணுக்கு அந்த வெள்ளை திகைப்பாக இருக்கும். கமராவும் திகைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். தேவாலயக் கலியாணத்தில் பெண்ணின் வெள்ளை உடுப்புக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள்.

பற்றரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோகலாம். கமரா பற்றரிகளுக்குச் சிக்கலில்லை, எல்லை 100 வாற்று-மணி (Wh). 20,000 மில்லி அம்பியர் பவர்பாங்க் 74தான் வரும். அதிகாலையில் அங்கே நுவரெலியாக் குளிர் இருக்கும், பற்றரி சீக்கிரம் இறங்கும். ஒன்றைக் காற்சட்டைப் பைக்குள் உடல் சூட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: ட்ரோன் கொண்டுபோகலாமா? (சீனன்குடா வாசகர்)

பதில்: வேண்டாம். விழா வான்பரப்பில் தடை, தேசியப் பூங்காக்களில் தடை, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலங்களிலும் தடை. பிறகு எங்கே பறக்கவிடுவது? சீனன்குடாவில் இருந்துகொண்டு, விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், நீங்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்கா எங்களுக்கு எட்டாது. பலூனும் மணலும் இங்கேயே கிடைக்குமா? (மூதூர் வாசகி)

பதில்: கிடைக்கும், தங்கச்சி. தம்புள்ளை, கண்டலமைப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை விடிகாலையில் பலூன் பறக்கிறது. திருகோணமலையில் இருந்து நூறு கிலோமீற்றர் சொச்சம். திருவிழா அல்ல, ஒன்றிரண்டு பலூன்கள். பதியும்போது நான் முதல் கேள்விக்குச் சொன்னதையே கேளுங்கள்: காற்றோ மழையோ வந்தால் காசு திரும்புமா, எத்தனை நாளில்? வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, பெப்ரவரி, மார்ச் அளவில் போவது நல்லது. மணலுக்கு மணற்காடு இருக்கிறது. அங்கே போனால் லென்ஸைக் கழற்றவேண்டாம்.