டெக்சஸ் துப்பாக்கி நியூ ஜெர்சியில் செல்லுமா?

கேள்வி: நான் டல்லாஸில் வசிக்கும் கிரீன் கார்டுக்காரன். முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று எப்போதும் என் காரில் இருக்கும். வேலை மாறி, நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிபோகிறோம். "துப்பாக்கி அரசியல் சட்ட உரிமை, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, மாநிலம் தடுக்க முடியாது" என்கிறார் நண்பர். அங்கேயும் காரிலேயே வைத்துக்கொள்ளலாமா? மனைவி ஹெச்-1பி விசாவில் இருக்கிறார்.

பதில்: கூடாது. நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பானது. அது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது 2010-இன் மெக்டொனால்டு தீர்ப்பு. 2022-இல் வந்த ப்ரூயன் தீர்ப்பு வீட்டு வாசலையும் தாண்டியது. தனிப்பட்ட அவசியத்தைக் காட்டினால்தான் வெளியே எடுத்துச்செல்ல லைசென்ஸ் என்ற நியூயார்க் சட்டம் செல்லாமல் போனது. நியூ ஜெர்சியின் அதே மாதிரி நிபந்தனையும் கூடவே போனது. ஒரு கட்டுப்பாடு இந்த நாட்டின் பழைய சட்ட மரபுக்குள் அடங்கும் என்பதை இனி அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

ஆனால் அதே தீர்ப்பு, பின்னணி விசாரணையும் பயிற்சியும் கேட்கிற லைசென்ஸ் முறையில் கைவைக்கவில்லை. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகக் கோர்ட் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை எட்டு நீதிபதிகள் ஏற்றார்கள், எதிர்த்தவர் ஒருவர்தான்.

சரி, உங்கள் கார். டெக்சஸில் 2021 முதல் பெர்மிட்டே தேவையில்லை என்பதால் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். நியூ ஜெர்சி வேறு மாநிலத்துப் பெர்மிட்டைக்கூட ஏற்பதில்லை. பெர்மிட் இல்லாமல் காரில் கைத்துப்பாக்கி பிடிபட்டால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. 2013-இல் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண், நியூ ஜெர்சியில் போலீஸ் காரை நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கைது செய்தார்கள். 2015-இல் கவர்னர் மன்னிப்பு கொடுக்கும்வரை இழுத்தது. உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனையானால் கிரீன் கார்டுக்காரரை நாடுகடத்த அதுவே போதும். சட்டத்தையே எதிர்க்க வேண்டுமானால் வழக்குப் போட்டு எதிர்க்கலாம். நடுரோட்டில் போலீஸிடம் ப்ரூயன் பேசிப் பயனில்லை.

குடிபோகும்போது எடுத்து வரலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி டிக்கியில் வையுங்கள். டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். முன்சீட்டு கிளவ் பாக்ஸைப் பூட்டினால் மத்தியச் சட்டப்படி அது கணக்கில் வராது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் நியூ ஜெர்சியில் தடை, டெக்சஸிலேயே விட்டுவிடுங்கள். வந்து 60 நாளுக்குள் துப்பாக்கி அடையாள அட்டை எடுத்து, இதைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு அவ்வளவு போதும். காரில் வேண்டுமென்றால் அப்புறம் உள்ளூர் போலீஸில் தனியாக பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். உறவினரல்லாத நான்கு பேர் உங்கள் நன்னடத்தைக்குச் சான்று சொல்ல வேண்டும். கிடைத்தாலும் பள்ளி, மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு அது செல்லாது.

மனைவி விஷயம் நீங்கள் போகிறபோக்கில் எழுதியது, எனக்கு அதுதான் கவலை. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு; இல்லாவிட்டால் எந்த மாநிலமானாலும் இதுதான் நிலை. "என் பெயரில் இல்லையே" என்பது உதவாது; எடுத்துக் கையாள அவரால் முடியும் என்ற நிலை இருந்தாலே வழக்குக்கு வழி இருக்கிறது. டெக்சஸில் அவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வீட்டில் பெட்டியின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.