ஆறாத கால்புண்ணில் கரையும் பணம்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 55. கோத்தகிரி அருகே ஓர் எஸ்டேட்டில் நெடுங்காலமாகக் கொழுந்து பறிக்கிறார். இடது கணுக்காலின் உட்புறத்தில் வந்த புண் 14 மாதங்களாக ஆறவில்லை; சர்க்கரை நோய் இல்லை. சுற்றிலும் தோல் கறுத்துவிட்டது, மாலையில் கால் வீங்குகிறது, மஞ்சள் நீர் கட்டை நனைத்துச் சாக்ஸ் வரை இறங்குகிறது. மாதம் 2 முறை கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் விலை உயர்ந்த கட்டும் எழுதித் தருகிறார்கள். நகையும் அடகுக்குப் போய்விட்டது. வேறு வழி உண்டா?

– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு, சகோதரி. மருந்துக்கும் கட்டுக்கும் ஆன செலவுதான் உங்கள் கண்ணில் படுகிறது. ஆனால் மாதம் 2 பயணம், ஒவ்வொன்றுக்கும் இருவரின் ஒரு நாள் சம்பளம் என்று கணக்கிட்டால், இதுவரை 56 நாள் கூலி போயிருக்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை 2017-18இல் எல்லா வகைப் புண்களுக்கும் சேர்த்துச் சுமார் 830 கோடி பவுண்டு செலவிட்டதாகக் கணக்கிட்டார்கள். அங்கும் கட்டுப் பொருள்களுக்கான பங்கு சிறிதுதான், செவிலியர், மருத்துவர் நேரத்துக்கும் ஆறாமல் நீளும் மாதங்களுக்குமே பணம் போனது. ஆகவே எந்தக் கட்டு மலிவு என்று தேடுவதைவிட, புண் ஏன் ஆறவில்லை என்று கேட்பதுதான் உங்கள் செலவைக் குறைக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், மக்கள் 'நரம்பு சுருட்டல்' என்று சொல்லும் வெரிகோஸ் கோளாறால் வரும் புண்ணுக்குரியவை. இரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளின் வால்வுகள் பழுதடைந்தால், நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரின் கணுக்காலில் இரத்தம் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை மேலே எதை வைத்துக் கட்டினாலும் புண் எளிதில் ஆறாது. இதற்கு முதன்மையான சிகிச்சை அழுத்தக் கட்டு. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு முன், விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகச் சற்றுத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். துவைத்து மீண்டும் பயன்படுத்தும் வகைகளும் உண்டு. முறையாகக் கட்டினால் பெரும்பாலான புண்கள் சில மாதங்களில் ஆறுகின்றன. ஆனால் காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ள காலில் இறுக்கிக் கட்டுவது ஆபத்து என்பதால், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள். அந்த விகிதம் 0.8க்குக் குறைந்தால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பரவும் சிவப்பு, சூடு, கூடும் வலி, காய்ச்சல் இருந்தால்தான் ஆன்டிபயாடிக் தேவை. நீர் வடிகிறது என்பதற்காக மாதக்கணக்கில் மாத்திரை வாங்கியது வீண் செலவு என்றே கருதுகிறேன்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, காலின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது; எனவே கட்டு மாற்றும் செலவுக்கு அதை நம்ப வேண்டாம், பழுதான சிரையை அடைக்கும் சிகிச்சைக்கு உதவி கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமை. அம்மா எஸ்டேட் டிஸ்பென்சரியிலேயே கட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கோவைப் பயணம் பாதியாகக் குறைந்தாலும் பெரிய ஆறுதல்.

புண் ஆறிய பிறகும் அழுத்தக் காலுறையை நாள்தோறும் அணிய வேண்டும். அது சுமார் 6 மாதங்களில் தளர்ந்துவிடும். புதிது வாங்கும் அந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.