டச்பேட் அழுந்தவில்லையா? முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள்

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே நான்கைந்து கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கலும் செய்து கொடுப்பவர். அவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது:

"லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காலை ஒன்பது மணிக்கு சார்ஜரை மாட்டினால் இரவு வரை கழற்றுவதில்லை. இப்போது கரண்ட் போனால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. எப்போதும் சார்ஜரில் போட்டு வைத்ததால்தான் பேட்டரி கெட்டது என்கிறார் என் கணவர். கடைக்காரரோ, தினமும் பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு, பிறகு நூறு வரை ஏற்றுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொரு சின்ன விஷயம், டச்பேட் ஒரு மாதமாக வலது பக்கம் சரியாக அழுந்துவதில்லை. மவுஸ் வைத்துச் சமாளிக்கிறேன். தம்பிக்கு ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இரண்டு வருடமாக பீரோவில் கிடக்கிறது. அதை அவசரத்துக்குப் பயன்படுத்தலாமா?"

நீங்கள் சின்ன விஷயம் என்று எழுதியதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இதைப் படிக்கும்போது அந்த லேப்டாப் சார்ஜரில் இருந்தால், தயவுசெய்து இப்போதே கழற்றிவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தாள் பை போன்ற உறைக்குள் அடைத்த லித்தியம் செல்கள் அவை. வயதும் வெப்பமும் சேரும்போது உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். வாயு வெளியேற வழியில்லாததால் பை உப்பும். உப்பிய பை டச்பேடை அடியிலிருந்து முட்டும்போதுதான் அது அழுந்த மறுக்கிறது. டச்பேடின் பொத்தானே தேய்ந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பேட்டரியும் அரை மணி நேரம் தாங்கவில்லை, டச்பேடும் ஒரு பக்கம் தூக்குகிறது என்றால், உப்பல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. லேப்டாப்பை மூடி, சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலைகளும் மேசையில் படிகின்றனவா, அல்லது லேசாக ஆடுகிறதா? ஓரத்தில் மேல் பாகத்துக்கும் அடி மூடிக்கும் நடுவே முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? திரை முழுதாக மூடாமல் நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் போதும், அந்த பேட்டரியின் கதை முடிந்தது. உப்பிய பேட்டரி மறுபடி சரியாகாது.

செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கையால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். காற்றை இறக்குகிறேன் என்று ஊசியால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கக் கூடிய வேலை. கடைக்கு எடுத்துப் போகும் வரை மெத்தை, துணி, காகிதக் கட்டு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள், நேரில் கொண்டு போங்கள். நெயில் பாலிஷ் போல இனிப்பான நெடி வந்தாலோ, புகை வந்தாலோ கையால் தொடாமல் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து 101-க்கு அழையுங்கள். இது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. உப்பிய பேட்டரி பெரும்பாலும் அமைதியாகவே கழற்றப்படுகிறது. ஆனால் அதற்குத் தொடர்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஒரு மாதம் வேலை செய்வது கூடாது.

டாலி தரவு என்ன ஆகும் என்ற கவலை உங்களுக்கு வரும். ஒரு முறை ஆன் செய்து பேக்கப் எடுத்துவிடலாமா என்றும் தோன்றும். வேண்டாம். தரவு பேட்டரியில் இல்லை, எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பாகத்தில் இருக்கிறது. கடையில் பேட்டரியை முழுதாகக் கழற்றிய பிறகு, பெரும்பாலான லேப்டாப்களை சார்ஜரில் மட்டுமே ஓடவைத்து பேக்கப் எடுக்க முடியும். அது முடியாத மாடல் என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவார்கள். அப்படிச் செய்யும்போது விண்டோஸ், தரவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியின் மீட்புச் சாவியைக் கேட்கலாம். 48 இலக்கம் கொண்ட எண் அது. வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போவதற்கு முன் மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து, எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் ஆண்டுக் கணக்கு மொத்தத்தையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கணவருக்கும் கடைக்காரருக்கும் வருகிறேன்.

கடைக்காரர் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குப் பொருந்திய அறிவுரை. பாதி தீர்ந்ததும் திரும்பத் திரும்ப ஏற்றினால், அந்த வகை பேட்டரிக்குத் தன் கொள்ளளவு அவ்வளவுதான் என்பது போன்ற ஒரு பழக்கம் படியும். அதனால்தான் முழுதாகத் தீர்த்து ஏற்றச் சொன்னார்கள். 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, லேப்டாப்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டன. அறிவுரை மட்டும் மாறவில்லை. லித்தியத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தினமும் சுத்தமாகத் தீர்ப்பது அதன் ஆயுளைக் குறைக்கத்தான் செய்யும். நூறு சதவீதம் தீர்ந்து ஏறுவது ஒரு முழுச் சுற்று. சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுகள் வரை நன்றாக உழைக்கும், ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 1000 சுற்று என்று குறிப்பிடுகிறது. தினமும் ஒரு முழுச் சுற்று வீணாகச் செலவழித்தால் ஒன்றரை ஆண்டில் 500 தாண்டிவிடும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நூறு ஆனதும் லேப்டாப் பேட்டரிக்கு மின்சாரம் கொடுப்பதை நிறுத்திவிடும். சார்ஜரிலிருந்து நேரே கணினி ஓடும். ஆகவே 'ஓவர் சார்ஜ்' ஆகிறது என்ற பயம் தேவையில்லை. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. முழுதாக ஏறிய லித்தியம் செல்லின் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேல். நூறிலேயே நாள் முழுக்க நிற்கும் செல், முறுக்கிய கம்பி போல இறுக்கத்தில் நிற்கிறது. கூடவே சூடும் சேர்ந்தால் உள்ளே சிதைவு வேகமெடுக்கிறது. பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. முழுச் சார்ஜோடு 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த செல்லில் சுமார் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான். ஆனால் 40 சதவீதச் சார்ஜோடு அதே 40 டிகிரியில் வைத்தால் 85 சதவீதம் மிஞ்சுகிறது. அதாவது நிறைவும் சூடும் தனித்தனியே வந்தால் பேட்டரி ஓரளவு தாங்கும், இரண்டும் ஒன்றாக வரும்போது தாங்காது. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரி தாண்டிய இடங்களின் பட்டியலில் கரூர் பரமத்தி பெயர் வராத ஆண்டு அரிது. அதில் லேப்டாப்பின் சொந்தச் சூட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதனால் புது பேட்டரி போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை 80 சதவீதத்தில் நிறுத்தி வைப்பது. இதற்கு நீங்கள் கடிகாரம் பார்த்து சார்ஜரைக் கழற்ற வேண்டியதில்லை. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கிறது. ஆசஸில் மைஆசஸ் செயலியில் பேட்டரிப் பகுதிக்குப் போனால் வரம்பு வைக்கலாம். டெல், எச்பி நிறுவனங்களின் பல மாடல்களில், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பிலேயே இந்த வசதி உண்டு. ஒரு முறை வைத்துவிட்டால் போதும், நாள் முழுக்க சார்ஜரில் இருந்தாலும் கவலையில்லை.

கரண்ட் போனால் 80 போதுமா என்று கேட்பீர்கள். நல்ல பேட்டரியாக இருந்தால் அந்த 80-லேயே இப்போது உங்களுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை மின்தடை என்று மின்வாரியம் அறிவித்தால், முந்தின இரவு மட்டும் வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் மறக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

பேட்டரி வாங்கும்போது கொஞ்சம் நேரம் செலவழித்து, பழைய பேட்டரியின் லேபிளில் இருக்கும் பார்ட் எண், வோல்ட், வாட் அவர் (கொள்ளளவு) மூன்றையும் புதியதோடு ஒப்பிடுங்கள். பார்ட் எண்ணும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். வாட் அவர் பழையதைவிட மிக அதிகமாகப் போட்டிருந்து அளவும் எடையும் அதேதான் என்றால், அந்த லேபிளை நம்ப வேண்டாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், சார்ஜருக்கும் இதே விதிதான். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே ஒப்படையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

புதியது உண்மையிலேயே புதியதா என்று விண்டோஸிலேயே பார்க்கலாம். கட்டளைகளை எழுதும் கமாண்ட் ப்ராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்று எழுதி, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சேருங்கள். ஒரு இடைவெளி விட்டு, முன் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக எழுதி எண்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்றும் காட்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைய கொள்ளளவு. புதியதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைப் பார்த்துக் குறித்து வைத்தால், பேட்டரி சரிவதை முன்கூட்டியே அறியலாம்.

அடுத்தது சூடு. உங்கள் ஊரில் எனக்குப் பெரிய கவலை பஞ்சுத் தூசுதான். தறியும் தையலும் நடக்கும் தெருக்களில் காற்றிலேயே நூல் பிசிறு மிதக்கும். லேப்டாப் விசிறி அதை இழுத்து, காற்று வெளியேறும் தகடுகளின் மேல் கம்பளம் போலப் படிய வைத்துவிடும். டாலி மட்டும் திறந்திருக்கும்போதே விசிறி இரைகிறது என்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள். ஆண்டுக்கு ஒரு முறை அடி மூடியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றும்போதே அதையும் செய்துவிடலாம், தனிச் செலவு ஆகாது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேகமாகச் சுழன்றால் அதன் அச்சு பழுதாகும்.

கட்டிலில் வைத்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மெத்தை அடித்துளைகளை மூடிவிடுகிறது. மேசையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் காற்றோட்டம் கெடாமல் ஒரு அங்குலம் உயர்த்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். மதிய வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். கீபோர்ட் பக்கத்தில் தின்பண்டம் வைத்தால் எறும்பு உள்ளே குடியேறும், இது நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் பழுது.

கடைசியாகத் தம்பியின் லேப்டாப். முதலில் அதே ஆட்டச் சோதனை செய்யுங்கள். உப்பல் இல்லை என்றால், திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடியில் தாழ்ப்பாள் போல நகரும் பொத்தான்கள் இருந்தால் பேட்டரியைத் தனியே கழற்றும் மாடல் அது. இரண்டு ஆண்டு தீர்ந்த நிலையில் கிடந்த லித்தியம் பேட்டரி, பாதுகாப்பான அளவுக்கும் கீழே இறங்கியிருக்கும். அதை உயிர்ப்பித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். மின்சாரம் நின்றால் அந்த நொடியே அணையும் என்பதால், யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள பிளக்கில் மாட்டுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், உங்கள் லேப்டாப்பைக் கொண்டு போகும்போது இதையும் எடுத்துப் போய் பேட்டரி இணைப்பைத் துண்டித்து வாங்கி வாருங்கள். அதில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. ஆகவே வங்கி வேலை வேண்டாம். டாலி பேக்கப்பைத் திறந்து பில் போடவும், கணக்குச் சரிபார்க்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி படிவம் இருந்தால், அந்த ஒரு தாக்கலை மட்டும் நீங்கள் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்றின் கணினியில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அதற்குள் உங்கள் லேப்டாப் புது பேட்டரியோடு திரும்பியிருக்கும்.