மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்கும் முன்

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். உயிரியல், வேதியியல் இரண்டிலும் நல்ல தேர்ச்சி. அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யுபியு வழியாக, பினாங்குத் தீவின் மைண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க இடம் வந்திருக்கிறது. கிள்ளானில் இருக்கும் தாய்மாமனோ தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேசி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, அப்பாவின் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தையும் எடுத்தால் சமாளித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் அல்சைமர் நோயோடு இருக்கும் பாட்டியைப் பார்த்துப் பார்த்து, மூளைச் செல்களில் வேலை செய்யும் குட்டி ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று மகள் நிற்கிறாள். "அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறதா? அது சோறு போடுமா?" என்று கேட்கிறார் தாய்.

அக்கா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஒரே மகள், ஒரே வீடு. ஆனால் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தனியார் கல்லூரி யோசனையைக் கைவிடுங்கள்.

நம் நாட்டுத் தனியார் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். கட்டணம் மட்டும் இரண்டரை லட்சம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஐந்து லட்சம் வரை போகிறது. பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் அதில் ஒரு பகுதியைத்தான் அடைக்கும், மீதி உங்கள் தலையில். ஐந்து வருடம் படித்து, அப்புறம் ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி. 2016 இறுதியில் வந்த ஒப்பந்த முறையால் நிரந்தரப் பணி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் தவித்த இளம் மருத்துவர்கள், 2021 ஜூலை 26-ஆம் தேதி மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்களே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு நிரந்தர இடங்கள் கூடின, மறுக்கவில்லை. ஆனாலும் மருத்துவத்தை உயிராக நினைக்கும் பிள்ளைகளே மூச்சு வாங்கும் பாதை அது. உங்கள் மகள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டவர் மாமா.

இபிஎஃப் பணம் உங்கள் இருவருடைய வயதான காலத்துச் சோறு. கல்விக்காக அதில் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள இன்னும் எவ்வளவு செலவாகும் என்று உங்களுக்கே தெரியாத நேரம் இது. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

மருந்தகம், பல் மருத்துவம், கணக்கியல் எல்லாம் உறவினர்கள் ஏற்கெனவே அடுக்கியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு, உங்கள் மகள் சொல்வதைப் பார்ப்போம். அவளோடு தொலைபேசியில் பேசினேன். ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினாள். பால்மரம் வெட்டிய காலத்துக் கங்காணியின் பெயர் பாட்டிக்கு நினைவிருக்கிறது, தோட்டத்து மாரியம்மன் திருவிழா நினைவிருக்கிறது, காலையில் தோசை சாப்பிட்டது நினைவில்லை. அதற்குக் கீழே "ஹிப்போகேம்பஸ்?" என்று கேள்விக்குறியோடு எழுதி வைத்திருக்கிறாள். மிகச் சரியான இடம். புதிய நினைவுகளைப் பதியும் அந்தப் பகுதியைத்தான் அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. மதிப்பெண்ணை விட இந்தக் கேள்விக்குறியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவள் படிக்க நினைப்பது மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 22 மரபணு எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. 1993-இல் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரின் ஆய்வுக்கூடங்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்தன. பல வருடம் அதைப் புழுவின் தனிக்குணம் என்றே நினைத்தார்கள். 2000-இல் அதே வகைத் துணுக்கு மனிதனிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு.

அது செய்யும் வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். பாயான் லெப்பாஸ் ஆலையில் லைன் பார்ப்பவர் அல்லவா? மரபணுவிலிருந்து "இந்தப் புரதத்தைச் செய்" என்று உற்பத்திச் சீட்டு வருகிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டின் வாலில் ஒட்டிக்கொண்டு, "போதும், நிறுத்து" என்று மேற்பார்வையாளரைப் போலத் தடுத்துவிடுகிறது. அல்சைமர் மூளையில் இந்தத் தடுப்பு பல இடங்களில் தளர்ந்துவிடுகிறது. பேஸ்-1 என்ற நொதி, ஒரு பெரிய புரதத்தை வெட்டி, மூளையில் படியும் அமிலாய்டு துண்டுகள் உருவாக வழி செய்கிறது. அந்த நொதியைக் கட்டுக்குள் வைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 29, 107 என்ற எண்ணுள்ளவை நோயாளிகளின் மூளையில் குறைந்திருப்பதை 2008-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. 132 என்ற இன்னொன்றும் நோயில் தொடர்ந்து குறைவாகவே காணப்படுகிறது. நரம்பணுக்களுக்குள் டாவ் புரதம் முடிச்சுப் போட்டுக்கொள்வதோடு அதற்குத் தொடர்பு உண்டு. நோய் ஏற்றிய எலிகளின் மூளையில் 132-ஐத் திரும்பக் கூட்டியபோது, புதிய நரம்பணு உருவாவதும் நினைவுத் திறனும் மேம்பட்டதாக 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. 146 என்ற வகையில் ஒன்றோ பல ஆய்வுகளில் கூடியிருக்கிறது. அது அழற்சியோடு சம்பந்தப்பட்டது.

இதில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இறந்தவரின் மூளைத் திசுவில் 132 குறைந்திருந்தால், செல் அதைக் குறைவாகச் செய்ததா, அல்லது அதைச் செய்யும் நரம்பணுக்களே செத்துப்போனதால் குறைந்ததா? இதைப் பிரித்தறிய, நரம்பணு, அதைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட், மூளையின் காவலாளியான மைக்ரோகிளியா என்று செல் வகை வகையாகப் பார்க்க வேண்டும். இப்போது அதற்கான கருவிகள் வந்திருக்கின்றன. அவை கொட்டும் தரவுகளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. உங்கள் மகளுக்கான இடம் அங்கே இருக்கிறது. உயிரியலோடு கணினியையும் கற்றவர்கள் நம் பிள்ளைகளில் மிகக் குறைவு.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். திசுவை மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். நம் விரலில் இருக்கும் நொதியே ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும், அதனால் கையுறை கழற்றவே முடியாது. பிறகு பி.சி.ஆர்., அதாவது சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் முறை. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்ததைச் சோதித்தார்களே, அதே முறைதான். அந்தக் கருவியில் ஒரே ஒரு சுற்று வித்தியாசம் வந்தால் அளவு இரண்டு மடங்கு மாறியிருக்கிறது என்று பொருள், ஆகவே கை நடுங்கக் கூடாது. பொறுமை வேண்டும், துல்லியம் வேண்டும். மீதி நேரம் முழுக்கக் கணினி.

சரி, சோறு போடுமா? மைண்டனில் படித்தால் அரசு மானியம் போக நீங்கள் கட்டுவது ஒரு செமஸ்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிதான் இருக்கும். பிறையிலிருந்து பாலம் தாண்டினால் பல்கலைக்கழகம். பட்டம் முடித்து ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் இரண்டாயிரத்துச் சொச்சம், அவ்வளவுதான். முதுகலைக்குப் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்தே உதவித்தொகை பெற்றுப் படிக்கலாம். எதற்கு விண்ணப்பிப்பதற்கு முன்பும் அந்தப் பேராசிரியரிடம் மானியம் கையில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கோலாலம்பூர் செராஸில் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வு நிலையமான உம்பி இருக்கிறது. ஆய்வு ஒத்துவரவில்லை என்றாலும் மருத்துவமனைகளின் மூலக்கூறு பரிசோதனைக் கூடங்கள், மரபணு வாசிக்கும் நிறுவனங்கள் இதே திறமையைத்தான் தேடுகின்றன. 2018-இல் நடந்த தேசிய நல ஆய்வில், நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்தப் பாட்டிகளின் மூளையைப் படிக்க நம் ஆட்கள் வேண்டாமா?

மகளிடமும் ஒன்று சொல்லிவிட்டேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பு பாட்டியைக் குணப்படுத்தாது. சிறு ஆர்.என்.ஏ. குடும்பத்தில் வேறொரு வகையை வைத்துச் செய்த முதல் மருந்துக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது, அதுவும் வேறு நோய்க்கு. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கி அல்சைமருக்குக் கொடுப்பது, மூளைக்குள் மருந்தைச் சேர்ப்பதிலேயே இன்னும் முட்டி நிற்கிறது. பாட்டிக்காக மட்டும் இதில் இறங்கினால் இரண்டாம் வருடமே மனம் உடைந்துவிடும். அந்தக் கேள்வி பிடித்துப்போய் வருகிறாள் என்றால் தாராளமாக வரட்டும்.

அதைச் சோதிக்க வழி உண்டு. அல்சைமர் மூளைத் திசுக்களின் ஆர்.என்.ஏ. தரவுகள் ஜியோ என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர் என்ற கணினி மொழியும் இலவசம். வகுப்பு தொடங்கும் வரை ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, 132 உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும். தினமும் அதில் உட்கார மனம் வருகிறதா, மூன்றாம் நாளே சலிக்கிறதா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். சலித்தால் என்னிடம் வரச் சொல்லுங்கள், வேறு வழி பேசலாம். அப்போதும் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

மைண்டன் இடத்தை ஏற்கக் கடைசி நாள் எது என்று கடிதத்திலேயே இருக்கும். அதற்குள் இணையத்தில் ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். மாமாவிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.